சாதிவெறி மனநோய் அல்ல

கடந்த ஏப்ரல் 14 அன்று மாலை, எங்கள் காலனிப் படிப்பகத்தின் முன்னால் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். சாமியானா பந்தல், வாடகை மைக், வழக்கமாக வருகிற எழுபது எண்பது பேர். எங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியும் இடத்தில் குரலை உயர்த்தி, "சாதி என்பது ஒரு மனநோய். சாதிவெறியர்கள் எல்லாம் மனநோயாளிகள்" என்றார். கைதட்டல். நாங்களும் தட்டினோம். தட்டாமல் எப்படி இருப்போம்? இருபது வருடமாக அந்த வாக்கியத்தை நாங்கள் எல்லோருமே மேடையில் பேசியிருக்கிறோம். துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறோம். சுவரிலும் எழுதியிருக்கிறோம்.

கைதட்டல் அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து எங்கள் அண்ணன் எழுந்தார். மைக் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"தோழர், நான்தான் மனநோயாளி. அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். நான் யாரைப்பா வெட்டுனேன்? யார் வீட்டைக் கொளுத்துனேன்? எதுக்கு என்னையும் அவனுங்களையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பந்தலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் அவருக்கு மஞ்சள் காமாலை என்றுதான் அந்தப் பந்தலில் இருந்த எல்லோருக்கும் நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

அந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் எழுதினாலும் பரவாயில்லை என்றுதான் அவர் சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் நாங்கள்தான் தவிர்க்கிறோம். படிப்பகத்தைத் தொடங்கியவர்களில் மூத்தவர் அவர். எங்களுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தவர். யாராவது அடிபட்டு வந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போ, ஏ.ஆர். காப்பி வாங்கு, பிறகு ஸ்டேஷனுக்குப் போ என்று வரிசையாகச் சொல்லித்தந்தவர். புகாரில் பட்டப்பெயர் எழுதாதே, சொன்ன வார்த்தையை அப்படியே எழுது என்பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை எண்ணோடு சொல்லுவார்.

2019-இல் எங்கள் காலனியில் ஒரு சாவு. பிணத்தை ஊர்த்தெரு வழியாக எடுத்துச் சென்றதில் தகராறு. அன்று இரவு காலனிக்குள் புகுந்து அடித்தார்கள். ஓடுகள் உடைந்தன, வண்டிகள் எரிந்தன. நாங்கள் கொடுத்த புகாரில் வழக்குப் பதிவாக ஒன்பது நாள் ஆனது. எங்கள் மேல் அவர்கள் கொடுத்த எதிர்வழக்கு அன்று இரவே பதிவானது. அண்ணன் எங்கள் வழக்கில் முக்கிய சாட்சி. எதிர்வழக்கில் முதல் எதிரி. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவருடைய வாழ்க்கை ஸ்டேஷனும் கோர்ட்டுமாகப் போனது. இரவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவார். முதலில் நான்கு மணி நேரம் தூங்கினார். பிறகு இரண்டு மணி நேரம். பிறகு தூங்கவே இல்லை.

"என்னை ஃபாலோ பண்றானுங்க" என்றார். நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? மஃப்டியில் இரண்டு பேர் டீக்கடையில் நின்றதை நாங்களே பார்த்திருந்தோம். போனில் பேசக்கூடாது என்றார். சரி என்றோம். சிம் கார்டை மாற்றினார். அதுவும் சரி என்றோம். பிறகு சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்றார். பெரியம்மா ஆக்கிப் போட்ட சோறு அது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு வருகிற இந்த நோயின் சிக்கல் இது. நோய் சொல்லும் கதையில் பாதி உண்மை. போலீஸ் பின்தொடர்வது மற்றவர்களுக்குக் கற்பனை. எங்கள் அண்ணனுக்கு அது நடந்த சம்பவம். உண்மை எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு நாங்கள் செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு வெளியே தாழ் போட்டோம். பதினொரு நாள். சாப்பாடு கொடுக்கத் திறப்போம், மறுபடி பூட்டுவோம். கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை, பத்தியம், காற்று படக்கூடாது என்றோம். பெரியம்மாவுக்கும் அதையே சொல்லச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு சாமியாரிடம் அழைத்துப்போய் மந்திரித்தோம். கடவுள் மறுப்புப் பேசுகிற நாங்கள்தான் வேப்பிலை அடிக்கும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டோம். உறவுக்காரர் ஒருவர் ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களில் ஒருவர் அழுதுவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 95-ஆவது பிரிவு, மனநோயுள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. கீழ்வெண்மணியில் பூட்டிய குடிசைக்குள் எரிந்த 44 பேரைப் பற்றி வருடா வருடம் டிசம்பர் 25-இல் பேசுகிறவர்கள் நாங்கள். ஏர்வாடியைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அந்தப் பேச்சு வந்த நேரத்தில் எங்கள் அண்ணன் வீட்டு வெளித்தாழ் போட்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் தாழை எடுத்துவிட்டு, ஆட்டோ வைத்து மாவட்டத் தலைநகரத்துக்குப் போனோம். முதலில் ஒரு தனியார் மருத்துவரிடம். "போலீஸ் துரத்துதுன்னு சொல்றாரா? எல்லாரும் அதான் சொல்வாங்க" என்று எழுதிக்கொண்டார். ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அண்ணன் அந்த மாத்திரையைத் தொடவே இல்லை. "அந்தாளு அவனுங்க ஆளு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. நீளமான பெஞ்ச், பெரிய வரிசை. அங்கே இருந்த பெண் மருத்துவர் வயதில் இளையவர். அண்ணன் சொல்வதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "கேஸ் ஏதாவது இருக்கா?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனே மடித்து வைத்திருந்த எஃப்.ஐ.ஆர். நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் அதை முழுவதும் படித்தார். பிறகு சொன்னார்: "சார், இதெல்லாம் நடந்திருக்கு. உங்களை அடிச்சது உண்மை. போலீஸ் வந்தது உண்மை. அம்மா சோத்துல மருந்து கலக்குறாங்கன்னு தோணுது பாருங்க, அது நோய். நடந்ததுக்கு நீங்க கோர்ட்டுக்குப் போங்க. நோய்க்கு நான் மருந்து தரேன். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்."

அண்ணன் அன்றைக்கு மாத்திரை சாப்பிட்டார். அவர் சொன்னதை யாரோ ஒருவர் நம்பிவிட்டார். அதன் பிறகுதான் அவரால் மருந்தை நம்ப முடிந்தது.

இது நடந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் மறைத்தோம்? இரண்டு காரணம்.

முதல் காரணம் வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் "இந்தச் சாட்சி ஒரு பைத்தியம்" என்று நீதிமன்றத்தில் எழுந்து சொல்வார், வழக்கே போய்விடும் என்று பயந்தோம். நியாயமான பயம்தான். ஆனால் சட்டம் அப்படி இல்லை. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 118-ஆவது பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 124-ஆவது பிரிவும் ஒன்றையேதான் சொல்கின்றன. கேட்கிற கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்திய பதில் சொல்ல முடிந்தால், மனநலம் குன்றியவர் என்பதற்காக ஒருவர் சாட்சி சொல்லும் தகுதியை இழப்பதில்லை. 2017 சட்டத்தின் 3-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக்கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஒருவரின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்தோ, ஊரின் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது. வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் நாங்கள் இந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்ததே அண்ணன் எழுந்து பேசிய பிறகுதான்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. நம்மவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், முதலில் வருகிற செய்தி என்ன? "மன அழுத்தத்தில் இருந்தார்." 2016 ஜனவரி 17-இல் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். அவரையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். உதவித்தொகை நின்றிருந்தது. பிறகு அமைக்கப்பட்ட ரூபன்வால் ஆணையம், தனிப்பட்ட விரக்திதான் காரணம் என்று சொல்லிப் பல்கலைக்கழகத்தை விடுவித்தது. 2019 மே மாதம் மும்பையில், பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்து முதுநிலை மருத்துவம் படித்த பாயல் தத்வி. அங்கேயும் படிப்புச் சுமை, அழுத்தம் என்ற பேச்சு வந்தது. அந்த இரண்டு பிள்ளைகளின் தாய்மார்களும் 2019-இல் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வேண்டும் என்று.

இப்படி, "மனநோய்" என்ற சொல் நம் எதிரிகளின் கையில் சாதியைத் துடைக்கும் துணியாக இருந்தது. அதனால் நாம் எதிர்ப்பக்கம் போய் நின்றோம். "எங்கள் பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை, அவன் வீரன், அவனைக் கொன்றது சாதி" என்றோம். கொன்றது சாதி என்பதில் இன்றும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லி, உயிரோடு இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிவிட்டோம்? "உனக்குத் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று வெளியே சொல்லாதே. சொன்னால் அவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள்" என்று சொல்லிவிட்டோம். கல்லூரி விடுதியில் சாதிப் பெயர் கேட்டுத் தவிக்கிற பிள்ளை, அதை மருத்துவரிடமும் சொல்ல முடியாது, இயக்கத்திடமும் சொல்ல முடியாது என்றால் எங்கே போகும்?

சாதி காயப்படுத்துகிறது. அந்தக் காயம் சிலருக்கு நோயாகிறது. எந்தக் கொடுமையும் நடக்காமலேயே நோய் வருகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் வருவதுபோல இதுவும் வரும். இதில் ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றது பொய்யாகிவிடாது. அடித்தவன் மீது வழக்குப் போட்டுவிட்டு அடிபட்ட கைக்குக் கட்டுப் போடுகிறோம் அல்லவா? கட்டுப் போட்டால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று யாராவது சொல்வார்களா? மனம் என்றால் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

இனி அந்தக் கோஷத்துக்கு வருவோம். "சாதிவெறியர்கள் மனநோயாளிகள்." அண்ணன் கேட்ட கேள்விக்குப் பிறகு நாங்கள் பலநாள் உட்கார்ந்து பேசினோம். அண்ணலே சாதியை மனதின் ஒரு நிலை என்று எழுதியிருக்கிறாரே என்று ஒருவர் கேட்டார். உண்மை. 1936-இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் சாதி செங்கல் சுவர் அல்ல, இடித்துத் தள்ள முடியாது, எண்ணத்தில் இருக்கிறது என்பதற்காக அதை எழுதினார். அதே இடத்தில், சாதியைக் கடைப்பிடிப்பவர்கள் புத்தி கெட்டுப்போனதால் அதைச் செய்யவில்லை, மதப்பற்றால் செய்கிறார்கள், அந்த மதத்தைக் கற்பித்த சாத்திரங்களைத்தான் எதிர்க்க வேண்டும் என்கிறார். நாங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு கோஷமாக்கினோம். மறுபாதியை விட்டுவிட்டோம்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் காலனிக்குள் புகுந்தவர்களுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. தெருவிளக்கை முதலில் அணைத்தார்கள். மறுநாளே முன்ஜாமீனுக்கு வக்கீல் பிடித்தார்கள். எதிர்வழக்குக்குச் சாட்சி தயார் செய்தார்கள். இதில் நோய் எங்கே இருக்கிறது? நிலமும் ஆளும் ஸ்டேஷனும் கையில் இருக்கிற தைரியம்தான் இருக்கிறது. சித்தசுவாதீனம் இல்லாமல், செய்வது இன்னதென்று அறியாமல் செய்தவனைச் சட்டம் தண்டிப்பதில்லை. அவனை மனநோயாளி என்று நாமே மேடையில் சொன்னால், அவனுக்கு நாமே மன்னிப்புக் கொடுத்ததாகிறது. அதே மூச்சில், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல், காலை எழுந்ததும் வாய் உலர்ந்து, கை நடுங்கி, மாத்திரை மயக்கத்தோடு சித்தாள் வேலைக்குப் போகிற நம் அண்ணனைக் கொலைகாரனோடு சேர்த்துவிடுகிறோம்.

நம் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் வழக்குப் போடுகிறோம். நம் சாதிப் பெயரை வசவாக்கிய சினிமாவை எதிர்க்கிறோம். ஆனால் "லூசு", "மெண்டல்", "கழண்ட கேஸு", "கீழ்ப்பாக்கம்" என்று நம் வாயிலேயே எத்தனை வசவுகள்? 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற ஒரு மருத்துவமனை, இரு நூறாண்டுகளுக்கும் மேலாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடம். அதன் ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். சேரி என்ற சொல்லை அவர்கள் வசவாக்கியபோது வலித்தது இல்லையா?

கூட்டம் நடந்த மறுவாரம் அத்தை ஒருவர் படிப்பகத்துக்கு வந்தார். ரேஷன் கார்டு விஷயம் என்று ஆரம்பித்தார். அது முடிந்தும் போகவில்லை. "தம்பி, அன்னைக்குப் பேசுனாரே, அந்த ஆஸ்பத்திரிக்குப் பொம்பளைங்க போலாமா?" என்றார். பேத்தி பிறந்ததிலிருந்து மருமகள் குழந்தையைத் தொடவில்லையாம். எட்டு மாதம். பேய் என்று சொல்லி மூன்று அமாவாசை பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கழிவுநீர் வேலைக்குப் போகிற தம்பி ஒருவர் வந்தார். குடிக்காமல் அந்தக் குழியில் இறங்க முடியவில்லை, இப்போது குழியில் இறங்காத நாளிலும் குடிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். இதுவரை அவரைக் குடிகாரன் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த இருவரும் எங்கள் தெருவிலேயே இருந்தவர்கள். நாங்கள் மஞ்சள் காமாலை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை ஒருவரும் எங்களிடம் வரவில்லை.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பது தெரிந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை கிடைக்காமல் இருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்த எண்பது பேரில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் எழுந்து நின்றார்.

எங்களால் முடிந்ததைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கோஷத்தை நிறுத்திவிட்டோம். சாதிவெறியனைச் சாதிவெறியன் என்றே சொல்கிறோம். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனால், காயம் எங்கே, ஏ.ஆர். காப்பி எங்கே என்பதோடு, "தூங்குறீங்களா? சாப்பாடு இறங்குதா?" என்றும் கேட்கிறோம். மாதத்தில் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களோடு ஒருவர் துணைக்குப் போகிறோம். மருந்து இலவசம்தான். ஆனால் ஒருநாள் கூலி போகிறது, பஸ் செலவு இருக்கிறது. அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுதான். மாவட்டத் தலைநகரத்தில் கிடைக்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017 சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையைக் கேட்பது நமக்குப் புதிது இல்லையே.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் யாருக்காவது உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், தயவுசெய்து இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாட்டில் 104. சென்னையின் சினேகா 044-24640050. எந்தச் சாதி என்பதையும், விடுதியில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் காதுகொடுத்துக் கேட்காத மருத்துவராக இருந்தால், எங்கள் அண்ணனைப்போல இன்னொரு மருத்துவரிடம் போங்கள். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். அண்ணன் இரண்டாம் வருடம் "நல்லாயிட்டேன்" என்று நிறுத்திவிட்டு மறுபடி நான்கு மாதம் படுத்த படுக்கையானார்.

பெரியம்மா இன்னமும் கேட்பவர்களிடம் காமாலை என்றுதான் சொல்கிறார். நாங்கள் சொல்லிக்கொடுத்தது. திருத்தக் கொஞ்சம் காலம் ஆகும்.

அடுத்த மாதம் சிறப்பு நீதிமன்றத்தில் அண்ணனின் சாட்சி விசாரணை. குறுக்கு விசாரணையில் நோயைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். "ஆமா, இருக்குன்னு சொல்வேன். எப்பயிலேர்ந்துன்னு கேட்டா, அந்த ராத்திரிக்கு அப்புறம்னு சொல்வேன்" என்றார். அன்று மதிய மாத்திரை தவறக்கூடாது. அதை யார் பையில் எடுத்து வருவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.